மாற்றுச் சேவையகத்துடன் மூன்று மாரிகாலம்

மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்தகத்தின் இருப்பும் பில்லும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் ஓடுகின்றன. மூன்று மாரிகாலமாக அதற்கு, பிரதான சேவையகம் பழுதானால் அதன் வேலையை ஏற்கும் ஒரு மாற்றுச் சேவையகத்தைக் கல்முனைக் கிளையில் வைத்துப் பராமரித்து வருகிறேன்.

நிறுவுவது அரை நாள் வேலை. 'பிஜி_பேஸ்பேக்கப்' மூலம் முழுப் பிரதி எடுத்து, இணைப்பு விவரத்தையும் 'ஸ்டாண்ட்பை.சிக்னல்' என்ற வெற்றுக் கோப்பையும் வைத்தால், 'வால்' (WAL) எனப்படும் மாற்றப் பதிவுகளை அது தொடர்ந்து வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பதிவும் வந்து சேர்ந்தது என்ற கல்முனையின் பதிலுக்குக் காத்திராத முறையையே தேர்ந்தேன். காத்திருக்கும் முறையில் இணைப்பு அறுந்தால் நகரக் கடையில் பில்லே போட முடியாது. கடைசிச் சில விநாடிப் பதிவுகள் இழக்கப்படலாம் என்பதை முதலாளியிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

இரண்டாவது மாரியில் இணைய இணைப்பு நான்கு நாள் கிடைக்கவில்லை. கல்முனைக்குப் போய்ச் சேராத பதிவுகளை, மாற்றுச் சேவையகம் எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் 'ரெப்ளிகேஷன் ஸ்லொட்' அழிக்க விடாமல் பிடித்துவைத்திருந்தது. ஐந்தாம் நாள் காலை பிரதான வன்தட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றுவிட்டது. இன்சுலின் வாங்க வந்த ஓர் அம்மா, குளிர்ப்பெட்டியில் மருந்து கண்முன்னே இருந்தும் வாங்க முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றார். அவர் முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இப்படிப் பிடித்துவைக்கும் பதிவுகளின் அளவுக்கு 'மேக்ஸ்_ஸ்லொட்_வால்_கீப்_சைஸ்' என்ற வரம்பு உண்டு. அதை அன்றே 20 ஜிகாபைட் என்று வைத்தேன். வரம்பு மீறினால் கல்முனைக்கு மறுபடி முழுப் பிரதி எடுக்க வேண்டிவரும், கடை நிற்காது.

மாற்றுச் சேவையகம் காப்புப் பிரதிக்கு ஈடாகாது. ஒருமுறை தவறான கட்டளையால் இருப்பு அட்டவணையில் வரிகள் அழிந்தன. கல்முனையைத் திறந்து பார்ப்பதற்குள் அங்கேயும் அழிந்திருந்தன. முதல் நாள் இரவு 'பிஜி_டம்ப்' என்ற கருவியால் எடுத்த காப்புக் கோப்புதான் காப்பாற்றியது.

போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளில், வேலையை மாற்றுச் சேவையகத்துக்கு மாற்றி ஒத்திகை பார்க்கிறோம். முதல் ஒத்திகையில் மாற்றுச் சேவையகத்தைப் பிரதானமாக்கும் 'பிஜி_புரொமோட்' கட்டளையைக் கொடுத்தவுடன் அது தயாராகிவிட்டது. ஆனால் ஏழு பில் கணினிகளிலும் பழைய முகவரி எழுதப்பட்டிருந்ததால் ஒன்றரை மணி நேரம் போனது. இப்போது எல்லாக் கணினிகளும் முகவரிக்குப் பதிலாக ஒரே பெயரைத்தான் தேடுகின்றன. மாற்றுவதற்கு முன் பழைய சேவையகத்தின் வலையமைப்புக் கேபிளைக் கையால் கழற்றுவேன். இரண்டும் ஒரே நேரத்தில் பில் எழுதினால் கணக்கைச் சேர்க்கவே முடியாது.

கடந்த போயாவில் கேபிளைக் கழற்றியதிலிருந்து சோதனைப் பில் வெளியே வர ஆறு நிமிடம். அதைப் படம் பிடித்துக் கல்முனைக் கிளைத் தம்பிக்கு அனுப்பினேன்.