பேனாவுக்குப் பசை, பம்பரத்துக்கு அரக்கு

மரப் பேனா கடைபவர்கள் பளபளப்புக்கு இப்போது அதிகம் நாடுவது சூப்பர் குளூ. நம் பக்கத்துக் கடைசல்காரர்கள் காலங்காலமாகப் பூசுவது அரக்கு. இரண்டுமே மரம் சுழலும்போதே ஏற்றுபவை. ஒற்றுமை அவ்வளவுதான்.

அரக்கு சூட்டில் ஏறும். சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உரசும் சூட்டில் இளகிப் படியும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்து மினுக்குவார்கள். ஆறியதும் வேலை முடிந்தது.

சூப்பர் குளூ ஈரத்தால் இறுகும். டிஷ்யூ பேப்பரில் சில சொட்டுகள் விட்டு, கடைசல் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, ஒரே இழுப்பில் பூச வேண்டும். திரும்பத் தேய்த்தால் திட்டுத் திட்டாகிவிடும். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். பசை பட்டால் சூடேறிப் புகையும், விரலைச் சுட்டுவிடும். எட்டுப் பத்துப் பூச்சாவது வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று, பசையை இறுக்கும் ஸ்பிரேயை அதிகம் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அப்புறம் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட வேண்டும், 1500-ம் நம்பர் தாளில் தொடங்கி, நைசான 12000 வரை. என் முதல் பேனாவில் இங்கேதான் அவசரப்பட்டேன்: ஒரு பக்கம் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, முதல் பூச்சிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? கண்ணாடி மாதிரி ஒரு தோல். மர ரேகை அப்படியே தெரியும், கை வியர்வைக்கு அசையாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் பொருள். சானிடைசர் பூசிய கையோடு தினமும் பிடித்தால் தாங்காது. சூட்டுக்கும் இளகும். பேனாவுக்கு என் ஓட்டு பசைக்குத்தான். ஆனால் தடிமனாகப் போட்டால் மரத்தைப் பிடித்த உணர்வே இருக்காது, பிளாஸ்டிக்தான்.

பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஜன்னலைத் திறந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அரக்கில் இந்தத் தொல்லை இல்லை.

பழுது பார்ப்பதில் அரக்குக்குக் கிட்டக்கூட பசை வராது. கீறல் விழுந்த பொம்மையை மறுபடி மெஷினில் மாட்டி, குச்சியை வைத்து அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். பசைத் தோல் விரிசல் விட்டு ஈரம் உள்ளே போனாலோ, மொத்தத்தையும் உரித்தெடுக்க வேண்டும். தரையில் குத்தி விழும் பம்பரத்துக்கு அதனால்தான் நான் பசைப் பாட்டிலையே திறப்பதில்லை.