வைத்திருப்பதும் அழிப்பதும்: ஆவண மேலாண்மை மென்பொருளோடு சில ஆண்டுகள்

ஆவண மேலாண்மை மென்பொருள் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது தேடல் பெட்டியைத்தான். ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தட்டுவார், பழைய ஒப்பந்தம் திரையில் வந்து நிற்கும், அறையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். எங்கள் நிறுவனமும் அப்படித்தான் வாங்கியது. கணக்கு, கொள்முதல், மனிதவளம், சட்டம் எனப் பல துறைகளின் காகிதமும் கடைசியில் வந்து சேருமிடம் நிர்வாகப் பிரிவு. என் வேலை அங்கே. பல ஆண்டுகள் தினமும் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: தேடல் நல்ல வசதிதான். ஆனால் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று என்னை நினைக்க வைத்தது அது அல்ல. எந்த ஆவணத்தை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம், எப்போது கைவைக்கவே கூடாது என்ற கணக்கை ஆட்களின் ஞாபகத்திலிருந்து எடுத்து அது தன் பொறுப்பில் வைத்துக்கொண்டதுதான்.

தேடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நன்றாக வேலை செய்வது ஆவணத்தோடு சேர்த்து நாம் பதியும் விவரங்களைப் பொறுத்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதையெல்லாம் கேட்டதில் பதிவுப் படிவம் நீண்டுபோனது. கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களில் பலரும் ஒரு புள்ளியை வைத்துவிட்டு ‘சேமி’ பொத்தானை அழுத்தினார்கள். ‘திட்டக் குறியீடு’ என்ற கட்டத்தில் புள்ளியும் கோடும் மட்டுமே கொண்ட வரிசையை இன்றும் பழைய பதிவுகளில் பார்க்கலாம். இப்போது கையால் நிரப்புவது நான்குதான்: ஆவண வகை, எதிர்த்தரப்பு (அதாவது நாம் யாரோடு வணிகம் செய்கிறோமோ அவர்), தேதி, எண். மற்றவை கணக்கு மென்பொருளிலிருந்து தானாக வருகின்றன. யாராவது ஐந்தாவது கட்டம் கேட்டால், அதை வைத்து எந்த முடிவு எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

தமிழ் ஆவணங்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தயாரித்த பிடிஎஃப் திரையில் அழகாகத் தெரியும்; உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் எதுவும் கிடைக்காது. அவற்றைப் படமாக மாற்றி, மறுபடி எழுத்துணரிக்கு (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருளுக்கு) கொடுத்து யூனிகோட் உரை எடுப்பதே எங்களுக்குக் கைகொடுத்தது. பெயர்ச்சொற்களில் பிழை வரும் என்பதால் எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் ஒருவர் சரிபார்க்கிறார்.

ஸ்கேன் செய்வது சலிப்பான வேலை. ஆனால் சட்டச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடலாம். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்கள் சில ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு மாறியிருந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளை ஒரே வடிவமாகக் கருதி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்ததே காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். மங்கலாகவோ கலங்கலாகவோ இருந்தால் சந்தேகப்பட்டிருப்போம். அது பளிச்சென்று தெரியும் தவறான எண். இந்த விவகாரத்தைப் படித்த நாளிலிருந்து இழப்புள்ள சுருக்கம் (கோப்பைச் சிறிதாக்க விவரங்களைக் கைவிடும் முறை) எங்கள் ஸ்கேனரில் அணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் துல்லியம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். கோப்பு பெரிதானால் ஆகட்டும், வட்டு விலை ஒரு வழக்குச் செலவை விடக் குறைவு. வெப்பத்தாள் ரசீதுகளை மட்டும் வந்த வாரமே ஸ்கேன் செய்கிறோம், விட்டால் அச்சு மங்கிவிடும்.

நீண்ட காலச் சேமிப்புக்கு பிடிஎஃப்/ஏ. 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வந்தது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது, உள்ளே நிரல் ஓடக் கூடாது. பல ஆண்டுகள் கழித்து வேறொரு கணினியில் திறந்தாலும் அதே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுப்பாடுகள். விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. மின்கையொப்பம் இட்ட பிடிஎஃப் உள்ளே நுழையும்போது மென்பொருள் தானாக பிடிஎஃப்/ஏ ஆக மாற்றினால் கையொப்பம் செல்லாததாகிவிடும். கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடப்படுவது; ஒரு பைட் மாறினாலும் அந்தக் கணக்கு ஒத்துவராது. பக்க ஓரத்தில் ‘பெறப்பட்டது’ என்று தானியங்கி முத்திரை குத்தினாலும் இதே கதி நேரலாம். எங்கள் அமைப்பில் கையொப்பமிட்ட கோப்புகள் எந்த மாற்றமும் இல்லாமல் மூலமாகவே நுழைகின்றன. பார்வைக்கென்று ஒரு நகல் தனியாக உருவாகிறது. வாங்குவதற்கு முன் இதை ஒரு மாதிரிக் கோப்பில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி காலக்கெடு. எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருந்தால் பத்திரம் என்பது பலரின் எண்ணம். சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையோ, தனிமனிதர் விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. அமெரிக்காவில் என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்துக்குப் பின் 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை. ஆகவே அழிக்காமல் இருப்பதும் குற்றமாகலாம், அழிப்பதும் குற்றமாகலாம். இதை ஃபோல்டர் பெயர்களை வைத்துச் சமாளிக்க முடியாது.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? இன்வாய்ஸுக்கு நிதியாண்டின் முடிவிலிருந்து. ஒப்பந்தத்துக்கு அது கையெழுத்தான நாளிலிருந்து எண்ணுவதில் பொருளில்லை, அது முடிவுக்கு வந்த நாளே கணக்கு. ஊழியர் கோப்புக்கு அவர் வேலையை விட்ட நாள். மலிவான மென்பொருள்கள் கோப்பு பதிவேறிய தேதியை மட்டுமே அறியும். நிகழ்வை வைத்துத் தொடங்கும் காலக்கெடு இல்லாத அமைப்பு எங்களுக்கு உதவியிருக்காது.

இரண்டாவது, சட்டம் மாறினால்? ஜெர்மனியில் கணக்கு ரசீதுகளை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 முதல் 8 ஆண்டாகக் குறைந்தது. சில அமைப்புகள் காலக்கெடுவை ஆவணம் நுழையும்போதே முத்திரை குத்திவிடும். பிறகு விதியை மாற்றினாலும் பழைய ஆவணங்கள் பழைய தேதியிலேயே நிற்கும். எங்களுடையது விதியை மட்டும் வைத்துக்கொண்டு தேதியை அவ்வப்போது கணக்கிடுகிறது. விதியை ஒரு முறை மாற்றினோம், பழைய பதிவுகளும் சேர்ந்தே நகர்ந்தன. அந்த நாளில்தான் இதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

வழக்கு வந்தால் ‘சட்டத் தடை’ போட வேண்டும். அந்தப் பூட்டு விழுந்த ஆவணத்தை, காலக்கெடு முடிந்தாலும் நிர்வாகி உட்பட யாரும் அழிக்க முடியாது. ஒரு சப்ளையரோடு தகராறு வந்தபோது, அவர் பெயரில் இருந்த அனைத்தையும் வழக்கறிஞர் சொன்ன அன்றே பூட்டினோம். ஒப்பந்தத்தின் திருத்த வரலாற்றில் எந்தப் பதிப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்பது வரிசையாக இருந்தது. அபராத விதி மூன்றாவது பதிப்பில் நுழைந்ததும், எதிர்த்தரப்பு அனுப்பிய நான்காவது பதிப்பிலும் அது அப்படியே தொடர்ந்ததும் தெளிவாகத் தெரிந்தன. ‘எங்களுக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்’ என்ற வாதம் அதற்குப் பிறகு எழவில்லை.

அழிப்பதும் சடங்குபோல நடக்கிறது. மாதம் ஒருமுறை பட்டியல் வரும், துறைத் தலைவர் பார்த்து ஒப்புதல் தருவார், கோப்பு போகும். எது, எந்த விதிப்படி, யார் ஒப்புதலில் போனது என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும். பேக்கப்பில் அது இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பேக்கப்பின் சுழற்சிக் காலத்தையும் கொள்கையில் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

தணிக்கைக் காலம் இப்போது நிம்மதி. ஆடிட்டருக்குப் பார்க்க மட்டும் உரிமை கொடுத்து, குறிப்பிட்ட தேதியில் தானாகக் காலாவதியாகும் லாகின் ஒன்று தருகிறோம். அவர் ஒரு வவுச்சரைத் திறந்தால் பர்ச்சேஸ் ஆர்டரும் சரக்குப் பெற்ற குறிப்பும் இணைப்பிலேயே இருக்கும். என் மேசைக்கு வந்து கேட்பது அரிதாகிவிட்டது.

குறைகளும் உண்டு. மொபைல் செயலி மெதுவாக இயங்குகிறது, ஒப்புதல் தருவதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை. உரிமை இல்லாதவர் ஆவணத்தைத் திறக்க முடியாதுதான்; ஆனால் வெகுகாலம் தேடல் பரிந்துரையில் தலைப்பு மட்டும் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ‘சம்பளக் குறைப்பு – வரைவு’ என்ற தலைப்பு தெரிந்தாலே போதாதா, அலுவலகம் முழுக்கப் பரவ? விற்பனையாளர் சரிசெய்து கொடுக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் நடக்கும் ஒப்புதல்கள் இன்றும் இந்த அமைப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரைப்பிடிப்பு எடுத்துப் பதிவேற்றுகிறோம், அது எனக்குத் திருப்தியாக இல்லை.

மறுபடி வாங்க வேண்டியிருந்தால் வாங்குவேனா? வாங்குவேன். இந்த முறை செயல்விளக்கத்தில் தேடல் பெட்டியைப் பார்க்க மாட்டேன். மொத்தத்தையும் வெளியே எடுத்துக் காட்டுங்கள் என்பேன். பல அமைப்புகளில் ஏற்றுமதி செய்தால் பொருளற்ற எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளும், விவரங்கள் அடங்கிய ஒரு சிஎஸ்வியும் (வெறும் அட்டவணைக் கோப்பு) வரும். பதிப்பு வரலாறும் சட்டத் தடைக் குறியும் வழியிலேயே தொலைந்துபோகும். அவை இரண்டும் கூடவே வெளியே வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் விலை பேச உட்காருவேன்.