ஹாஸ்டல் பசங்களுக்கு ஜிம்மா, காலேஜ் கிரவுண்டா?

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க நிறைய பேர் கேக்குறது இதுதான், வெளியில ஜிம் சேரலாமா இல்ல காலேஜ் கிரவுண்டே போதுமா. உலக சுகாதார நிறுவனம் 2020ல பெரியவங்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும். முதல் விஷயத்துக்கு கிரவுண்டு தாராளமா போதும், சாயங்காலம் ஷட்டில், வாலிபால், கபடின்னு எதுல இறங்கினாலும் நேரம் போறதே தெரியாது, கூட ஆளுங்க இருக்கறதால மட்டம் போடவும் மனசு வராது. ஆனா மழை வந்தா நின்னுடும்.

ஜிம்ல அந்த பிரச்சனை இல்ல, வெயிட்டையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம், ஆனா மாசாமாசம் ஃபீஸ், போதாக்குறைக்கு புரோட்டீன் பவுடர் வாங்குன்னு யாராவது சொல்லுவாங்க. பெரும்பாலானவங்களுக்கு அது தேவையே இல்லைங்க, ஒரு முட்டையிலயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கு, மெஸ்ல போடுற சுண்டல், பருப்பு, தயிர ஒதுக்காம சாப்பிடுங்க. காலை டிபன விட்டுட்டு 11 மணிக்கு பப்ஸும் டீயும்னு ஓட்டாதீங்க ப்ளீஸ், எங்க போய் பயிற்சி பண்ணாலும் உடம்புல தெம்பு வேணும்ல.

என்னைக் கேட்டா கிரவுண்டுதான், ரூம்ல வாரம் ரெண்டு நாள் புஷ்அப், ஸ்குவாட் சேத்துக்கோங்க. முட்டி வலி இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.