பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்குக் கைத்தையலில் ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உள்பக்கத்தில் வைத்துத் தைக்கும் நீளத் துணி) வைத்துத் தருகிறோம் என்று சொல்லி, அதற்கான கூலியையும் வாங்கிக்கொண்டு, மெஷினில் ஓட்டிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள். முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன, பலரும் புதுப்பட்டைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்குப் போகும் நேரம். அதனால்தான் எழுதுகிறேன்.

கடைவீதியில் ஓரளவு பெயர் உள்ள கடைதான். மெஷின் என்றால் 80 ரூபாய், கைத்தையல் என்றால் 250 என்றார்கள். கரை முழுக்க ஜரிகை, கைத்தையல்தான் வேண்டும் என்று சொல்லி ரசீதிலும் எழுதி வாங்கினேன். புடவை கைக்கு வந்தபோது முன்பக்கம் தையலே தெரியவில்லை. கல்யாணத்தன்று அக்கா அதைக் கட்டிக்கொண்டு மண்டபத்துப் படி ஏறும்போது உள்பக்கத்தில் மெட்டி மாட்டியது. காலை விடுவித்தால் ஒரு சாண் அளவுக்கு ஃபால்ஸ் தொங்குகிறது. தொங்கிய நூலை லேசாகத்தான் இழுத்தேன், சரசரவென்று ஒரு முழத்துக்குப் பிரிந்துவந்தது. கைத்தையல் ஒருநாளும் அப்படிப் பிரியாது.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தோம். மேல் விளிம்பில் இருந்தது கண்ணாடி போன்ற நைலான் நூல். இதற்கென்றே வளைந்த ஊசி வைத்த மெஷின் இருக்கிறது. துணியைத் துளைத்து மறுபக்கம் போகாமல், மேலாக இழைகளைக் கவ்விக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் அது போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல், ஒரு முனை விட்டுப்போனால் கண்ணி கண்ணியாகக் கழன்றுவிடும். கீழ் விளிம்பில் அந்த நாசூக்குகூட இல்லை. ஜரிகை நிறத்தில் நூல் கோத்து, சாதாரண மெஷின் தையலைக் கரையின் மேலேயே ஓட்டியிருந்தார்கள். அதைப் பிரித்த இடத்தில் வரிசையாக ஊசித்துளைகள். இரண்டு மூன்று இடங்களில் ஜரிகை அறுந்து, உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு நூல் வெளியே தெரிகிறது. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

கடைக்காரரிடம் கேட்டேன். "முன்பக்கம் தையல் தெரிகிறதா அக்கா? தெரியவில்லை அல்லவா, பிறகென்ன?" என்றார். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது மட்டுமா கைத்தையல்? பருத்தி ஃபால்ஸை முதலில் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அது சுருங்கிப் பட்டையும் சேர்த்துச் சுருக்கும். பிறகு மெல்லிய ஊசியில், புடவையின் நிறத்திலேயே ஒற்றை நூல் கோத்து, பட்டில் ஓர் இழை, மிஞ்சினால் இரண்டு இழைகளை மட்டும் தூக்கி, நூலை இறுக்காமல் தைக்க வேண்டும். இடையிடையே முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால்தான், ஓர் இடத்தில் மாட்டி அறுந்தாலும் சேதம் அங்கேயே நிற்கும். கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் நீளம், மேலும் கீழும் இப்படித் தைத்து முடிக்கக் கண்ணும் கழுத்தும் வலிக்கும். அந்த உழைப்புக்கு 250 ரூபாய் அதிகம் என்று நான் சொல்லவே மாட்டேன். கையால் தைக்கும் பெண்களின் பெயரைச் சொல்லி, மெஷின் வேலைக்கு அந்தக் கூலியை வாங்குகிறார்களே, அதுதான் ஆறவில்லை.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே புடவையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் சற்றுச் சாய்ந்த சின்னச் சின்னத் தையலாக இருக்கும், இடைவெளி முன்னே பின்னே இருக்கும். அளந்து வைத்தாற்போல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். விரல் நுனியால் தடவுங்கள், நைலான் நூல் பளபளக்கும், முனை குத்தும். ஜரிகைக் கரை மேல் தையல் எப்படி ஓடுகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

ரசீதில் "கைத்தையல்" என்று எழுதியிருந்ததால் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், கரைக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்களும் அந்தச் சொல்லை எழுதி வாங்காமல் புடவையைக் கொடுக்காதீர்கள்.