ஜவேரி பஜாரில் செய்வித்த ரோமானிய முத்திரை மோதிரம்

மும்பை ஜவேரி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், கல்லில் உருவம் செதுக்கித் தரும் சிறிய கடையில் ரோமானிய பாணி முத்திரை மோதிரம் ஒன்றைச் செய்வித்தேன். கல், செதுக்குக் கூலி, வெள்ளி மோதிரம் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் ஆயிற்று. குறையும் சொல்லவேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். செம்பூரிலிருந்தோ மாதுங்காவிலிருந்தோ போகும் நம்மவர்கள் மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

கல்லில் குறையே இல்லை. குஜராத்தின் ரத்தன்பூரில் எடுத்து, காம்பாத்தில் சூடேற்றிச் சிவப்பாக்கிய சூதுபவளம் என்றார்கள்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகவே இருந்தது. கொடுமணல் அகழாய்வில் மணிகளாகக் கிடைத்த இந்தக் கல்லையும் இதன் இனத்தைச் சேர்ந்த சார்டோனிக்ஸையும் ரோமானியர்கள் முத்திரைக்குப் பெரிதும் விரும்பினார்கள். அழுத்தி எடுக்கும்போது மெழுகு ஒட்டிக்கொண்டு வராது என்பதைச் சார்டோனிக்ஸின் தனிச்சிறப்பாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். என் மோதிரத்தையும் அரக்கில் அழுத்தினேன். சுத்தமாகவே பிரிந்து வந்தது.

செதுக்கச் சொன்னது, வணிகர்களின் தெய்வமான மெர்க்குரியின் உருவம். இந்தக் கல்லின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் ஏறத்தாழ 7 என்பதால் சாதாரண இரும்பு உளிக்கு மசியாது. எனவே ரோமானியர்கள் சுழலும் முனையில் எண்ணெயில் குழைத்த குருந்தப் பொடியைத் தடவித் தேய்த்துத் தேய்த்தே பள்ளம் எடுத்தார்கள். இங்கே மின்மோட்டாரும் வைரத்தூள் பூசிய முனையும் அதே வேலையைச் செய்கின்றன. உளுந்தளவுத் தலையில் தொப்பியின் இரண்டு சிறகுகளையும் தனித்தனியாகத் தெரியும்படி எடுத்திருந்தது உண்மையிலேயே நல்ல கைவேலை. ஆனால் பள்ளத்தின் உட்புறத்தை மெருகேற்றாமல் வெளிறிய சொரசொரப்பாகவே விட்டுவிட்டார்கள். இந்த விலைக்கு அதையும் செய்திருக்கலாம்.

பெரிய தவறு வேறு. மெர்க்குரி வழக்கமாக வலக்கையில் பணப்பையையும் இடக்கையில் பாம்புக்கோலையும் ஏந்தியிருப்பார். நான் கொடுத்த படம் கல்லின் படமன்று, அதை அழுத்தி எடுத்த அச்சின் படம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும் அதை அப்படியே கல்லில் இறக்கிவிட்டதால், அரக்கில் பை இடக்கைக்கு மாறிவிட்டது. அலங்கார மோதிரமென்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை, ஆனால் முத்திரைக்கு அச்சில் விழும் உருவம்தானே முக்கியம்? ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ், முதலில் ஸ்பிங்க்ஸ், பிறகு அலெக்சாண்டர் என்று முத்திரையை மாற்றி, கடைசியில் டயாஸ்கொரிடீஸ் செதுக்கிய தன் உருவத்தையே வைத்துக்கொண்டார் என்கிறார் அவருடைய வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ். அகஸ்டஸின் கடிதங்களை நம்பவைத்ததும் மெழுகில் விழுந்த அந்த அச்சுத்தான்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை முகம் புடைத்து நிற்கும் கேமியோ பதக்கங்களும் இங்கே உண்டு. வாங்குவதற்குமுன் விளிம்பைப் பாருங்கள். வியன்னாவிலுள்ள, சுமார் 19 செ.மீ. உயரமான ஜெம்மா அகஸ்டியா என்ற ரோமானியக் கேமியோ ஒரே கல்லின் இயற்கை அடுக்குகளில் செதுக்கப்பட்டது. எனக்குக் காட்டிய பதக்கத்திலோ இரு துண்டுகளை ஒட்டிய கோடு நேராகத் தெரிந்தது.

செதுக்குபவரின் கை நல்ல கை. ஆகவே இந்தக் கடைக்குப் போகலாம். ஆனால் கல்லை மோதிரத்தில் பதிக்குமுன் களிமண்ணில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு மறுபடி செதுக்கித் தந்தார்கள், அதற்குக் கூலி கேட்கவில்லை. தவறு அவர்களுடையதாக இருந்தும் புதுக் கல்லின் விலையை என்னிடம் வாங்கியது நியாயமில்லை.