உருஸ், பென்டேகா, கயேன், க்யூ8: ஒரே பிளாட்ஃபார்மில் எதை எடுப்பது?

லம்போர்கினி உருஸ், பென்ட்லி பென்டேகா, போர்ஷே கயேன், ஆடி க்யூ7, க்யூ8, ஃபோக்ஸ்வாகன் டுவாரெக். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இந்த ஆறும் நிற்பது எம்எல்பி எவோ என்ற ஒரே பிளாட்ஃபார்மில், அதாவது அடித்தளத்தில். கயேன், க்யூ7, க்யூ8, டுவாரெக் நான்குக்கும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா ஆலைதான் பிறப்பிடம். பென்டேகா இங்கிலாந்தின் குரூவிலும், உருஸ் இத்தாலியின் சாந்தாகாத்தாவிலும் முழுக் காராகின்றன.

"அப்படியானால் உருஸ் வாங்குபவர் ஓர் ஆடி காருக்குத்தான் அதிகக் காசு கொடுக்கிறாரா?" என்று பலர் கேட்கிறார்கள். பாதி நியாயமான கேள்வி. பிளாட்ஃபார்ம் என்றால் கண்ணுக்குத் தெரியாத பகுதி: எஞ்சின் நீளவாக்கில் உட்காரும் விதம், சஸ்பென்ஷனின் அடிப்படை வடிவம், மின் அமைப்பு. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்), ஸ்டீயரிங், அதிர்வைத் தாங்கும் டேம்பரின் ட்யூனிங், கியர் மாறும் விதம் எல்லாம் ஒவ்வொரு கம்பெனியின் கையில். ஓட்டும்போது உணர்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

உண்மையான போட்டி உருஸுக்கும், க்யூ8-இன் வேக வகையான ஆடி ஆர்எஸ் க்யூ8-க்கும் நடுவில். இரண்டிலும் 4.0 லிட்டர் இரட்டை டர்போ வி8, 8 கியர் ஆட்டோமேட்டிக். முதலில் வந்த உருஸில் 650 குதிரைசக்தி, முதல் ஆர்எஸ் க்யூ8-இல் 600. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட உருஸுக்கு 3.6 விநாடி, ஆடிக்கு 3.8. சாலையில் இந்த வித்தியாசத்தை யாரும் உணரப்போவதில்லை. உச்ச வேகத்திலும் கூடுதல் பேக்கேஜ் எடுத்தால் ஆடி 305 கிலோமீட்டர் போகும்; உருஸுக்கும் அதே எண்தான். விலை மட்டும் வெகு தூரம் விலகி நிற்கிறது. உருஸின் தோற்றமும் சத்தமும் உங்களை இழுத்தால் எடுங்கள், அது முறையான ஆசைதான். வேகத்துக்காக எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கயேன் கதை வேறு. அதன் வீல்பேஸ் 2,895 மில்லிமீட்டர். க்யூ7-ஐ விட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் குறைவு. ஆடியும் லம்போர்கினியும் நடுவில் டார்சன் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைத்து நான்கு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கின்றன. போர்ஷேயில் பின்சக்கரங்கள்தான் முதன்மை, தேவைக்கேற்ப முன்சக்கரங்களுக்கு மின்னணு கிளட்ச் இழுவை அனுப்புகிறது. வளைவில் திருப்பியவுடன் மூக்கு உள்ளே வருவதில் இதற்கும் பங்குண்டு. ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயப் பாதையில் ஆர்எஸ் க்யூ8 2019-இல் 7 நிமிடம் 42 விநாடியில் சுற்றியது. 2021-இல் கயேனின் வேக வகையான டர்போ ஜிடி அதை 7 நிமிடம் 38 விநாடிகளாக்கியது. 2024-இல் ஆடி 7:36 ஓட்டி அதைத் திரும்பப் பறித்தது. ஒரே அடித்தளத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் துரத்துகிறார்கள் என்பதே இந்தக் குடும்பத்தின் அழகு. ஸ்டீயரிங்கைத் தாங்களே பிடிப்பவர்களுக்கு என் தேர்வு கயேன்தான். ஆனால் அதில் மூன்றாவது வரிசை சீட் கிடையாது.

மூன்றாவது வரிசை வேண்டும் என்றால் க்யூ7. யோசிக்கவே வேண்டாம். 2015-இல் இந்த பிளாட்ஃபார்மை முதலில் கொண்டுவந்ததும் அதுதான். அப்போது முந்தைய தலைமுறையை விட 325 கிலோ வரை எடை குறைந்ததாக ஆடி சொன்னது.

பென்டேகா கொஞ்சம் தனி ரகம். காரின் சாய்வைக் கட்டுப்படுத்தும் 48 வோல்ட் மின்சார ஆன்டி-ரோல் பார் முதலில் வந்தது இதில்தான். நீள வீல்பேஸ் வகையில் பின்சீட்டுக்கு 180 மில்லிமீட்டர் கூடுதல் இடம். தோலும் மரமும் அடித்தளத்தோடு சம்பந்தமே இல்லாத உழைப்பு, கொடுக்கும் காசு அங்கேதான் போகிறது. டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருபவருக்கு இந்தக் குடும்பத்தில் இதற்கு இணை இல்லை.

அப்புறம் டுவாரெக். பெயருக்கு மவுசு குறைவு என்பதால் ஒதுக்கப்படுகிறது. ஆனால் 900 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரும் 4.0 லிட்டர் வி8 டீசல், ஆடி எஸ்க்யூ7-இலும் பென்டேகாவிலும் வந்த எஞ்சின், இதிலும் சில காலம் கிடைத்தது. பழைய கார் தேடுபவர்கள் அந்த வண்டி கண்ணில் பட்டால், சர்வீஸ் வரலாற்றையும் ஏர் சஸ்பென்ஷனின் நிலையையும் பார்த்துவிட்டு, சரி என்றால் தயங்காமல் எடுக்கலாம்.