ஊருக்குள் மாடியா, ஊருக்கு வெளியே ஷெட்டா?

திருப்பூரில் வீட்டு மாடியில் 10 மெஷினோடு ஓடும் பனியன் கம்பெனிக்கு, 25 மெஷின் போடும் அளவுக்கு ஆர்டர் வந்துவிட்டால் இரண்டு வழிதான். ஊருக்குள்ளேயே பெரிய மாடி பிடிக்கலாம், இல்லை பல்லடம் ரோட்டுப் பக்கம் ஷெட்டுக்குப் போகலாம்.

மாடிக்கு ஆள் பிரச்சினை இல்லை. டெய்லர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். ஆனால் துணி ரோலைத் தோளில் வைத்து ஒரு தடவை படியேறிப் பாருங்கள், தெரியும். நடுவில் தூண்கள் நிற்பதால் நீளமான கட்டிங் டேபிளும் போட முடியாது.

ஷெட்டில் டெம்போ வாசல் வரை வரும். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரே நேர்வரிசையில் போடலாம். சதுர அடிக்கு வாடகையும் குறைவு. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை ஆள் ஏற்றிவரும் வேன் தின்றுவிடும். அப்புறம் சித்திரை வெயிலில் தகரக் கூரை. அந்தச் சூடு எப்படி என்று டெய்லர்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் ஓட்டு ஷெட்டுக்குத்தான், த்ரீ பேஸ் கரண்டும் போதுமான லோடும் (இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின் அளவு) ஏற்கெனவே இருந்தால். கரண்ட் இணைப்பு பெரும்பாலும் ஷெட் ஓனர் பெயரில் இருக்கும். லோடு கூட்ட அவர் பின்னால் அலைய வேண்டி வரும். வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.